கணினிக்காரர்களுக்கு உயிரியல்: பாடத்திலிருந்து தொடங்குவதா, கோப்பிலிருந்தா?

கணினி அறிவியல் படித்துவிட்டு, உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் உயிரித் தகவலியலுக்கு வரும் முதுநிலை மாணவர்களுக்கு உயிரியலை இரண்டு விதமாக நடத்திப் பார்த்துவிட்டேன். முதலில் வழக்கமான வரிசை: செல், வளர்சிதை மாற்றம், மெண்டல், டிஎன்ஏ, கடைசியில்தான் தரவு. பிறகு தலைகீழாக: முதல் நாளே டிஎன்ஏ அல்லது புரத வரிசை உள்ள ஒரு கணினிக் கோப்பைக் கொடுத்து, அது புரிவதற்கு வேண்டிய உயிரியலை மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொடுப்பது. இப்போது நடத்துவது இரண்டாவதைத்தான். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வழியில் பாடத்திட்டம் தயாராக இருக்கும், வினாத்தாள் எடுப்பதும் சுலபம். இரண்டாவதில் ஆசிரியருக்கு வேலை அதிகம், மாணவர்களுக்குத் தூக்கம் குறைவு. உயிரியல் துறை வகுப்பிலேயே கொண்டுபோய் உட்கார வைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. ஒரே ஒரு முறை செய்தேன். நொதிகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: தப்பான விடை வந்தால் மாணவருக்குச் சந்தேகம் வருகிறதா? நிரலில் எழுத்துப்பிழை இருந்தால் கணினி நின்றுவிடும். உயிரியல் தெரியாமல் செய்த பிழைக்கு எந்த எச்சரிக்கையும் வராது. விடை அழகாக வந்து நிற்கும்.

ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி என்ற புரதத்தின் வரிசையை, அதாவது அதிலுள்ள அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் பட்டியலை, தரவுத்தளத்திலிருந்து எடுக்கச் சொல்வேன். அரிவாள் செல் சோகை என்ற மரபு நோயில் 6-ஆம் இடத்து குளூட்டாமிக் அமிலம் வேலினாக மாறுகிறது என்று பாடநூலில் இருக்கும். அந்த இடத்தைக் காட்டுங்கள் என்பேன். பைத்தான் என்ற நிரல்மொழி 0-இலிருந்து எண்ணும் என்பதால், கவனமுள்ளவர் ஒன்றைக் கழித்து 5 என்று கொடுப்பார், புரோலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வரும். அவசரக்காரர் அப்படியே 6 என்று தட்டுவார். குளூட்டாமிக் அமிலம் வரும்! ஒழுங்காகச் செய்தவர் பேந்த விழிக்க, சொதப்பியவர் பெருமையாகக் கை தூக்குவார்.

கோளாறு கணினியில் இல்லை. செல் இந்தப் புரதத்தை மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கிக் கட்டுகிறது, பிறகு அதை வெட்டி நீக்கிவிடுகிறது. 1957-இல் வெர்னன் இங்க்ராம் என்ற ஆய்வாளர் இந்த மாற்றத்தைக் கண்டறிந்தபோது மரபணுவைப் படிக்க வழியே கிடையாது. ரத்தத்திலிருந்து எடுத்த புரதத்தைத் துண்டாக்கித்தான் பார்த்தார். அந்தப் புரதத்தில் மெத்தியோனின் இருக்காது. பழைய கணக்கில் 6 என்பது முழு வரிசையில் 7 ஆவது இப்படித்தான்.

அடுத்த வாரம் அதே இடத்தை மரபணுத் தொகுப்பில் தேடச் சொல்வேன். அந்த அமினோ அமிலத்துக்கான மூன்று டிஎன்ஏ எழுத்துகள் ஜிஏஜி என்பதிலிருந்து ஜிடிஜி ஆகின்றன என்று படித்துவிட்டு 11-ஆம் குரோமோசோமில் போய்ப் பார்த்தால் சிடிசி என்று இருக்கும். கோப்பில் இருப்பது ஒரு இழை மட்டும், இந்த மரபணு அதன் எதிர் இழையில் இருக்கிறது: ஜி-க்கு எதிரே சி, ஏ-க்கு எதிரே டி நிற்கும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதை முதல் வழியில் நான் படம் போட்டே விளக்கியிருந்தேன். தேர்வில் எழுதவும் செய்தார்கள். ஆனால் கோப்பில் சிடிசி வந்ததும் பதிவிறக்கம்தான் தப்பு என்றார்கள்.

பரிணாமமும் இதே கதைதான். புரதங்களை வகைப்படுத்த ஒரு இயந்திரக் கற்றல் மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது, தரவைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பார்கள். துல்லியம் வானத்தில் நிற்கும். ஒரே மூதாதையிலிருந்து வந்த புரதங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பதால், தேர்வுக்கு முன்பே வினாத்தாள் வெளியான மாதிரிதான் அது. வரிசை ஒற்றுமையின்படி கொத்தாக்கி, ஒரு கொத்து முழுவதையும் ஒரே பக்கம் வைத்துப் பிரிக்கச் சொன்னால் துல்லியம் சரிந்து விழும். அந்தச் சரிவைத் தன் கண்ணால் பார்த்தவருக்குப் பொது மூதாதை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்த வழியில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் ஒரே டிஎன்ஏ இருந்தும் ஏன் வேறு வேறு மரபணுக்கள் இயங்குகின்றன என்று கேட்டால், என் மாணவர்கள் தடுமாறுவார்கள். துண்டு துண்டாகத் தெரியும், முழு உடம்பு தெரியாது. அதற்காக நடுவில் இரண்டு வாரம் கோப்பை மூடி வைத்துவிட்டு செல்லை மட்டும் நடத்துகிறேன். அது போதுமா என்றால், வரிசைகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்குப் போதுமானதாகத் தெரிகிறது. வளர்சிதை வலைப்பின்னல்களை, அதாவது செல்லுக்குள் ஒன்றோடொன்று இணைந்து நடக்கும் வேதிவினைகளை, கணினியில் மாதிரியாக்கப் போகிறவர்களுக்கு முதல் வழியே மேலாக இருக்கலாம். அப்படிப் போனவர்கள் என்னிடம் மிகக் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டேன். ஆய்வுக்கூட அனுபவம் பற்றியும் அப்படியே: ஒரு நாள் டிஎன்ஏ பிரித்தெடுக்க வைத்தேன், குஷியாக இருந்தார்கள், அதற்கு மேல் என்ன பயன் என்று அளந்து பார்க்கவில்லை.

இன்னொன்று. கோப்பிலிருந்து தொடங்கினால் கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது. வகுப்பெடுப்பவர் கணினிப் பக்கத்து ஆள் மட்டும்தான் என்றால், ஒரு உயிரியல்காரரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் முதல் வழியிலேயே போங்கள்.