மடக்குற கீபோர்டு, தமிழ்99, வெள்ளிக்கிழமை அத்தியாயம்: ஏழு மாசம் தட்டிப் பார்த்துட்டு எழுதறது

வாங்குன மறுநாளே அஞ்சு ஸ்டார் போடறவங்க ரிவ்யூவ நம்பி நான் ஒருக்கா ஏமாந்துட்டனுங்க, அதனால ஏழு மாசம் தெனமும் தட்டிப் பார்த்துட்டுத்தான் இதை எழுதறேன். பொருள் என்னன்னா ரெண்டா மடங்குற ப்ளூடூத் கீபோர்டு, ஆன்லைன்ல வாங்குனது, 1,850 ரூபாய். மடக்குனா மூக்குக் கண்ணாடி டப்பாவ விட கொஞ்சம் நீளம், கைப்பையில சாப்பாட்டு டப்பா பக்கத்துல சொருகிக்கலாம். கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா இதே உருவத்துல அஞ்சாறு பேர்ல விக்கறாங்க, பேரைப் பார்க்கறத விட எந்த கீ எங்க இருக்குதுன்னு பார்க்கறதுதான் நம்மளுக்கு முக்கியம், அதை கீழ விவரமா சொல்றேன்.

நான் ஃபேன்டஸி தொடர்கதை எழுதறவ. சென்னிமலை பக்கம் ஊரு. வீட்டுக்காரரு தறிக்குடோன் பார்த்துக்கறாரு, அத்தை எங்க கூடவே இருக்காங்க, பாப்பா ஏழாவது, பையன் ரெண்டாவது. கதை நடக்கறது எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கற கொடுமணல்ல. நொய்யல் கரையில தோண்டி இரும்பு உருக்குன உலையும் கல்மணியும் தமிழ் பிராமி எழுத்துப் போட்ட பானை ஓடும் எடுத்தாங்களே, அதே ஊருதான். பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்றது அதுதான்னு சொல்லுவாங்க. அந்த உலைக்களத்துல வேலை செய்யற ஒரு பொண்ணுக்கு இரும்பு பேசறது காதுல கேக்கும், ஆனா ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் அவளுக்குத் தெரிஞ்ச ஒரு மனுசக் குரல் மறந்து போயிரும். இதுதான் கதை. வாரம் ஒரு அத்தியாயம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு போடோணும், 1,500லருந்து 1,800 வார்த்தை வரும். இப்ப 68ஆவது அத்தியாயத்துல நிக்குது.

இதுக்கு முன்னால முழுக்க போன்லயே ரெண்டு கட்டை விரல்ல எழுதிட்டிருந்தேன். புள்ளைங்க தூங்குனப்பறம் பத்தரைக்கு ஆரம்பிச்சா ஒரு மணி ஆயிரும், காலையில அஞ்சரைக்கு எந்திரிக்கோணும், பெரு விரல் அடிப்பக்கம் சுருக்கு சுருக்குன்னு வலி, சப்பாத்தி மாவு பெசையறப்ப நல்லாத் தெரியும். பேசுனா டைப் ஆகுற வசதியும் பார்த்தனுங்க. வீட்டை ஒட்டி தறி ஓடுது, அந்த சத்தத்துல பாதி வார்த்தை காணாமப் போயிருது, அதை விடுங்க, ஃபேன்டஸி எழுதறவங்களுக்கு அதுல இன்னொரு பெரிய சிக்கல் இருக்குது, நம்ம கதைக்குன்னு புதுசா வச்ச பேரையெல்லாம் அது தனக்குத் தெரிஞ்ச சொல்லா மாத்தி எழுதிரும், நான் உருவாக்குன மலைத் தெய்வத்தோட பேரு பக்கம் முழுக்க ஒவ்வொரு விதமா கெடந்துச்சு. அதோட, ஒரு அம்மா தன்னோட கொழந்தை குரலை மறக்கற காட்சிய பையனுக்கு தலை சீவி விட்டுட்டே சத்தமா சொல்ல என்னால முடியல.

போன ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போயிருந்தேன், மக்கள் சிந்தனைப் பேரவை வருசா வருசம் நடத்தறது. அங்க என் கதை படிக்கற ஒரு அக்காவப் பார்த்தேன், கரூர்ல பஸ் பாடி கட்டற எடத்துல கணக்குப் பார்க்கறவங்க. பேசிட்டிருக்கறப்ப எங்கையப் பாத்துட்டு ஏனுங்க அம்மிணி பெரு விரல இப்படி பிடிச்சுக்கிட்டே இருக்கறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். அவங்க ஆபீஸ்ல தமிழ்99ல அடிக்கறவங்க, நீங்க ஒரு சின்ன கீபோர்டு வாங்கி தமிழ்99 பழகுங்க, மூணு வாரம் பல்லக் கடிச்சுட்டு இருந்தீங்கன்னா போதும்னாங்க. நல்லா எழுதறீங்கன்னு எத்தனையோ பேரு சொல்லியிருக்காங்க, என் கையப் பத்தி நெனச்சது அவங்க ஒருத்தங்கதான், அதான் இன்னும் மனசுல நிக்குது.

தமிழ்99 தெரியாதவங்களுக்கு சித்தெ சொல்லிர்றேன். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்பறம் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட கீபோர்டு அமைப்பு. உயிரெழுத்து 12 எடது கைக்கு, மெய் 18 வலது கைக்கு (வ, ங ரெண்டு மட்டும் எடது பக்கம் கீழ் வரிசையில வரும்), புள்ளி ஒண்ணு, ஆகமொத்தம் 31 கீ. ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துக்கும்தான் ஷிஃப்ட் வேணும். க ரெண்டு தடவ தட்டுனா தானா க்க ஆயிரும், ந தட்டி த தட்டுனா ந்த ஆயிரும், புள்ளி நீங்க வைக்க வேண்டியதில்ல. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழாக்கறப்ப மந்திரம்ங்கறதுக்கு ஒம்பது தட்டு, இதுல ஏழு தட்டு. ரெண்டு தட்டுதானேன்னு தோணும், 1,800 வார்த்தைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. அதவிட பெருசு என்னன்னா மனசுல ஒரு சொல் வந்தா அதை இங்கிலீஷ் எழுத்தா பிரிச்சு நெனைக்க வேண்டியதில்ல, தமிழ்லயே நெனச்சு தமிழ்லயே கை போகுது. அந்த இடைஞ்சல் போனதுக்கு அப்பறம் என் வாக்கியம் நீளமாச்சு, படிக்கறவங்களே கண்டுபிடிச்சு எழுதுனாங்க.

நான் காலேஜ் லீவுல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல இங்கிலீஷ் லோயர் பாஸ் பண்ணுனவ, விரலுக்கு எடம் தெரியும், அதனால சீக்கிரம் வந்துச்சு. மொத வாரம் நிமிசத்துக்கு எட்டு வார்த்தை, அழுகையே வந்துருச்சு, இப்ப முப்பதுக்கு மேல போகுது. கீ மேல தமிழ் எழுத்து கெடையாது, பாப்பாதான் வெள்ளை ஸ்டிக்கரை குட்டி குட்டியா வெட்டி மார்க்கர்ல எழுதி மேல டேப் ஒட்டிக் குடுத்தா.

இப்ப வாங்கறவங்க கவனமா படிக்க வேண்டிய எடம். மடக்குற கீபோர்டுல பெரும்பாலும் எடத்தை மிச்சம் புடிக்க வலது ஓரத்து கீயத்தான் சுருக்குவாங்க. இங்கிலீஷ் அடிக்கறவங்களுக்கு அங்க செமிகோலன், அடைப்புக் குறி இதுகதான் இருக்கும், அதனால அவங்களுக்கு நட்டமில்ல. தமிழ்99ல அந்த ஓரத்துலதான் நம்ம ந, ய, ச, ஞ, ழ அஞ்சும் உக்காந்திருக்குது. நான் மொதல்ல வாங்குன ஒண்ணுல ச இருக்க வேண்டிய கீயவே தனியா வைக்காம இன்னொரு கீயோட சேத்து எஃப்என் (Fn) கீய அமுக்குனாத்தான் வரும்னு வச்சிருந்தாங்க. சொன்னான், செய்தான், சாமி, சத்தம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கை வேணும். நாலு நாள்ல திருப்பி அனுப்பிட்டேன், பணம் வர்றதுக்கு மூணு வாரமாச்சு. இப்ப இருக்கறதுல ஞ கீ மட்டும் பாதி அளவு, மத்ததெல்லாம் முழுசு, ஞ அவ்வளவா வர்றதில்லைங்கறதால சமாளிக்கறேன். அதனால போட்டோவப் பெருசு பண்ணி, பி எழுத்துக்கு வலது பக்கம் ரெண்டு கீ, எல் எழுத்துக்கு வலது பக்கம் ரெண்டு கீ, கீழ வரிசைக் கடைசியில சாய்வுக் கோடு கீ, இந்த அஞ்சும் தனித்தனியா இருக்குதான்னு எண்ணிப் பார்த்துட்டு அப்பறமா காசு கட்டுங்க. மடிப்பு விழுகுற எடம் நடுவுல, எ ஒரு பக்கமும் க இன்னொரு பக்கமும் போயிருது, அது ரெண்டு நாள்ல பழகிரும்.

இன்னொண்ணு, போன் ஸ்க்ரீன்ல தமிழ்99 காட்டற எல்லா ஆப்பும் வெளிய மாட்டற கீபோர்டுக்கு அதைக் குடுக்கறதில்ல. அதை மொதல்லயே பார்த்து வச்சுக்கோங்க, நான் கீபோர்டு வந்தப்பறம் ஒரு ராத்திரி முழுக்க ஆப் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன்.

இனி வீட்டு விசயம். இதை எழுதறதுக்காகத்தான் ரிவ்யூவே போடறேன்னு சொன்னாலும் சரிதான். போன வருசம் ஆடியில ஒறம்பரை வந்திருந்தாங்க, அத்தைக்கு சின்னம்மா மொறை. நான் அடுப்புல கொள்ளு வேகற நேரத்துல ஓரமா நின்னு போன்ல எழுதிட்டிருந்தேன், நொய்யல் பெருகி ஒரு ஊரே முழுகிப் போற காட்சி, ஆறு மாசமா அதுக்குத்தான் கதையக் கொண்டு வந்துட்டிருந்தேன். அவங்க அத்தை கிட்ட, உம்பட மருமக எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்கறான்னாங்க. அத்தை பதில் சொல்லல. சொல்லாததுதான் எனக்கு வலிச்சுச்சு. ஆனா யோசிச்சா அவங்க மேல தப்பில்லைங்க, போனைக் குனிஞ்சு பார்த்துட்டிருக்கற ஒருத்தி கதை எழுதறாளா, வாட்ஸ்அப்புல ஃபார்வேர்டு பார்க்கறாளான்னு எதுக்க இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும், ரெண்டுக்கும் உருவம் ஒண்ணுதான்.

கீபோர்டு வந்தப்பறம் திண்ணையில பலகைய வச்சு, போனை செவுத்துல சாத்தி, நிமிந்து உக்காந்து பத்து விரல்லயும் தட்டறேன். மொத வாரத்துலயே பையன் பக்கத்து வீட்டுப் பையன் கிட்ட, எங்கம்மா வேலை செய்யறாங்கடா, அக்கட்ட போய் வெளையாடலாம்னு கூட்டிட்டுப் போனான். வேலைங்கற அந்த வார்த்தைய இந்த வீட்டுல என் எழுத்துக்கு மொத மொதலா சொன்னது அவந்தான். பொங்கலுக்கு அதே சின்னம்மா வந்தாங்க. நான் எந்திரிக்கப் போனேன், அத்தை கையக் காட்டி உக்காருன்னுட்டு, அவ எழுதிட்டிருக்கறா, நீங்க சித்தெ இருங்க, காப்பி நான் வச்சுத் தாரேன்னு உள்ள போனாங்க. அன்னைக்கு எழுதுன அத்தியாயம் எப்படி வந்துச்சுன்னு எனக்கு நெனப்பில்ல, அத்தை அடுக்களையில டம்ளர் எடுத்த சத்தம் மட்டும் நெனப்பிருக்குது.

நேரம் மிச்சமாச்சான்னு கேட்டா, ஆச்சு. பையன் கராத்தே கிளாஸ் முக்கா மணி நேரம், வெளிய சிமென்ட் பெஞ்சுல 400 வார்த்தை வந்துருது. பாப்பாவ டியூசன்ல விட்டுட்டு இன்னொரு அரை மணி. கரண்ட் போனா தறி நின்னு ஊரே அமைதியாயிரும், அந்த நேரம் எனக்குத் தங்கம். இப்ப ராத்திரி எழுதறது வியாழக்கிழமை மட்டும்தான், அது கூட திருத்தறதுக்கு. கீ சத்தம் ரொம்பக் கம்மி, பையன் பக்கத்துலயே தூங்குனாலும் எந்திரிக்கறதில்ல.

படிக்கறவங்களுக்கு பதில் எழுதறதுலதான் ஒரு தப்பு பண்ணிட்டேன். கை வேகம் வந்ததும் ஒவ்வொரு கருத்துக்கும் அரைப் பக்கம் பதில் எழுத ஆரம்பிச்சேன், உலை எப்படி ஊதுனாங்க, அந்தப் பொண்ணுக்கு ஏன் அப்பா இல்லன்னு எல்லாம். அடுத்து வர்ற அத்தியாயத்துல சொல்ல வேண்டியதை பதில்லயே சொல்லித் தீத்துட்டேன். இப்ப கீபோர்டு கதைக்கு மட்டும், பதிலெல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில போன்ல கட்டை விரல்ல, ரெண்டு வரி. மார்ச்ல பையனுக்கு காய்ச்சல் வந்து ரெண்டு வெள்ளிக்கிழமை அத்தியாயம் போடல. இனிமே தொடர்கதையே படிக்க மாட்டேன்னு எழுதுனவங்களும் இருக்காங்க, அத்தியாயம் கெடக்கட்டும் பையன் சோறு உண்கறானான்னு கேட்டவங்களும் இருக்காங்க. மொத ஆளுங்களுக்கும் நான் கோவப்படாமத்தான் பதில் போட்டேன், வெள்ளிக்கிழமை ராத்திரி அவங்க காத்துட்டிருந்தது உண்மைதானுங்களே.

கொறை: மடியில வச்சு தட்டவே முடியாது, நடுவுல தொங்குது, பரீட்சை அட்டை ஒண்ணு கூடவே தூக்கிட்டுப் போறேன். பஸ்ல வேலைக்காகாது, பெருந்துறை போறதுக்குள்ள பத்து தப்பு. சார்ஜ் போடற ஓட்டை பழைய மாதிரி சின்னது, அதுக்குன்னு தனி ஒயர். சார்ஜ் நிக்குது, தெனம் ஒண்ணரை மணி நேரம் அடிச்சும் மூணு வாரம் வருது. அஞ்சு நிமிசம் சும்மா விட்டா தூங்கிரும், எழுப்பறப்ப மொத எழுத்து முழுங்கிரும், அதனால யோசிச்சுட்டு வந்தா முதல்ல ஒரு ஸ்பேஸ் கீ தட்டிட்டு ஆரம்பிக்கோணும். ஆறாவது மாசத்துலருந்து மடிப்பு கொஞ்சம் லொட லொடங்குது, இது ஒரு வருசம் தாங்குமாங்கறது சந்தேகம்தான், வீட்டுல ஒரே எடத்துல உக்காந்து எழுத முடியறவங்க மடக்காத கீபோர்டே வாங்கிக்கோங்க, வெலையும் கம்மி, கீயும் முழுசா இருக்கும்.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன். புள்ளி, க, த மூணு ஸ்டிக்கரும் தேஞ்சு வெறும் வெள்ளையாயிருச்சு, பாப்பா பரீட்சை முடிஞ்சதும் புதுசு எழுதித் தாரேன்னு சொல்லியிருக்கறா, இந்தத் தடவை செகப்பு மார்க்கராம்.