கண்ணாடி போட்டவர்கள் வீட்டு விசேஷத்துக்கு போட்டோகிராபரைப் பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன தை மாதம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம். கும்பகோணத்தில் மண்டபம். போட்டோ, வீடியோ, 40 பக்க ஆல்பம், ஹாலில் மாட்ட ஒரு பெரிய படம், எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் பேசி 25,000 அட்வான்ஸ் கொடுத்தோம். ஸ்டுடியோவின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்துப் படம் தேர்ந்தெடுக்க பென்டிரைவ் வந்தது. அப்பா 30 வருடமாகக் கண்ணாடி போடுகிறவர். தாலி கட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கண்ணாடி முழுக்க வெள்ளை. வலது பக்கத்தில் குடை விளக்கு அப்படியே விழுந்திருக்கிறது. அதன் கம்பிகளைக்கூட எண்ணலாம். மாலை மாற்றும் படத்திலும் அதே கதை. அம்மாவும் கண்ணாடிதான், அவருக்கும் அதே வெள்ளை. கலச நீர் ஊற்றும்போது மட்டும் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அன்றைய படங்களில் அவர் கண் தெரிந்தது அந்த ஏழெட்டில்தான்.

போன் செய்தேன். "கண்ணாடி போட்டா அப்படித்தான்க்கா வரும். எடிட்டிங்ல சரி பண்ணிடலாம்" என்றார். அந்த நிமிடமே நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. படத்துக்கு 250 ரூபாய் வீதம் 32 படத்துக்கு 8,000 தனியாகக் கேட்டார், அதையும் அனுப்பினேன்.

அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சிரித்தால் இன்னும் இறங்கும். எடிட் செய்து வந்த படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு, கருகருவென்று பளபளக்கின்றன. தாலி முடிச்சைப் பார்த்துத் தலை குனிந்திருக்கும் மனிதர், கண்ணால் மட்டும் கேமராவைப் பார்க்கிறார். அம்மா போனைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பா கண்ணு இல்லடி" என்றார். கேட்டால், "ஏஐ போட்டிருக்கோம்க்கா, சூப்பரா வந்திருக்கு" என்று பதில். கேமரா பதிவு செய்த அசல் கோப்பான ரா ஃபைல் கேட்டோம். எடுத்தது எல்லாம் ஜேபெக் மட்டும்தான், வேறு எதுவும் இல்லை என்றார். மீதி 23,000 முழுசாகக் கொடுத்தால்தான் ஆல்பம் என்று நின்றார். கொடுத்தோம். 8,000 திரும்பி வரவே இல்லை.

முழுக்க வெளுத்துப்போன இடத்தில் படத்துக்குள் எந்தத் தகவலும் இருக்காது. ரா ஃபைல் இருந்தாலும் அங்கிருந்து கண்ணை மீட்க முடியாது. அதனால் "சரி செய்வது" என்றால் வேறு படத்திலிருந்து அதே ஆளின் கண்ணை எடுத்து ஒட்டுவது, இல்லாவிட்டால் புதிதாக ஒரு கண்ணை வரைவது. எங்களுக்கு இரண்டாவது நடந்தது.

"அப்படித்தான் வரும்" என்பதே பொய் என்று பிறகுதான் புரிந்தது. மாமாவின் நண்பர் ஒருவர் நெடுநாள் ஸ்டுடியோ வைத்திருந்தவர். வீட்டுக்கு வந்தவர் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டினார். கேரம் ஸ்ட்ரைக்கர் பலகையின் ஓரத்தில் எந்தக் கோணத்தில் மோதுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். வெளிச்சமும் அப்படியே. விளக்கு முக உயரத்தில் இருந்தால் கண்ணாடியில் பட்டு நேரே கேமராவுக்கு வரும். ஸ்டாண்டை நன்றாக உயர்த்தினால் பட்ட ஒளி கீழே, தரைப் பக்கம் போய்விடும். குடை பெரிதாக இருந்தால் வெளிச்சம் மிருதுவாக இருக்கும், ஆனால் கண்ணாடியில் சிக்கும் பரப்பும் பெரிது. அதனால் இன்னும் மேலே ஏற்ற வேண்டும்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். அப்பாவின் கண்ணாடிக் காம்புகளைக் காதிலிருந்து ஒரு நூல் மேலே தூக்கிவிட்டார். முன்பக்கம் லேசாகக் கீழே சாய்ந்தது. முகவாயைத் துளி இறக்கச் சொன்னார். கேமரா மேல் இருந்த ஃபிளாஷை எங்கள் வெள்ளைக் கூரையைப் பார்க்கத் திருப்பினார். ஒரே படம். இடது இமை தாழ்ந்தபடி அப்பா அப்படியே இருக்கிறார். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கண்ணாடிக் கடையில் ஆன்டி கிளேர் பூச்சு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் முன்பரப்பிலும் பின்பரப்பிலும் சுமார் 4 சதவீதம் வீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். பூச்சு அதை நன்றாகவே குறைக்கும். ஆனால் ஃபிளாஷின் வேகத்துக்கு அது மட்டும் போதாது. பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு பொட்டு தெரியும். இன்னொரு ஸ்டுடியோக்காரர் கேமரா முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டால் போதும் என்றார். நேருக்கு நேர் அடிக்கும் இந்த மாதிரிப் பளிச்சுக்கு அது உதவாது.

சிலர் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். வேண்டாம். மூக்கின் இரு பக்கமும் பள்ளம் தெரியும், பார்வையும் தடுமாறும், 30 வருடம் கண்ணாடியோடு பார்த்த முகம் அது. உட்கார்ந்து எடுக்கும் ஒரு படத்துக்கு வேண்டுமானால் கடையில் லென்ஸைக் கழற்றிய வெறும் ஃபிரேமை மாட்டி எடுக்கலாம். கண்ணாடியோடு ஒன்று, அசையாமல் கண்ணாடி இல்லாமல் ஒன்று என்று எடுத்துச் சேர்த்தால் கண்ணாவது சொந்தக் கண்ணாக இருக்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டில் கண்ணாடி போட்டவரைக் கூடவே அழைத்துப் போங்கள். அங்கேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லி, கேமராத் திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரா ஃபைல் தருவாரா, எடிட்டுக்குத் தனிக் காசா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நாங்கள் எல்லாவற்றையும் வாயால்தான் பேசியிருந்தோம்.

தாலி கட்டும் படத்தைத்தான் பெரிதாக மாட்ட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். இப்போது ஹாலில் இருப்பது கலச நீர் சொட்டச் சொட்ட அப்பா கண்ணைச் சுருக்கி நிற்கும் படம்.