காய்கறிக் கழிவுல கேஸ்: ஆறு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

ஒத்தக்கடையில எங்க வீட்டுக் கொல்லையில ஒரு கன மீட்டர் பயோகேஸ் டேங்க் வச்சு ஆறு மாசம் ஆச்சு, மெதக்குற டிரம் மாடல், கேஸ் சேரச் சேர மேல இருக்குற டிரம் ஏறும். கம்பெனி பேரு வேணாம். விக்கும்போது "தினம் ரெண்டு மணி நேரம் எரியும்ணே, சிலிண்டரை மறந்துருங்க"ன்னாய்ங்க.

முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது. டிரம் முழுசா ஏறி நின்னா அம்புட்டு நேரம் எரியத்தான் செய்யும், ஆனா தினம் அப்படி ரொம்பணும்னா 10 கிலோ கழிவு வேணும்ல, நாலு பேரு இருக்குற வீட்டுல அதுக்கு எங்கிட்டுப் போறது, மாட்டுத்தாவணி மார்க்கெட்டைத்தான் தூக்கிட்டு வரணும். எங்களுக்கு 2 கிலோ தேறும், அதுக்கு அரை மணி நேரம் எரியுது. வெந்நியும் டீயும் ஆயிரும். முன்னாடி 45 நாள் வந்த 14.2 கிலோ சிலிண்டர் இப்ப ரெண்டு மாசம் வருது, அம்புட்டுதேன்.

ஆரம்பத்துல சாணியையும் தண்ணியையும் சரிக்குச் சரி கரைச்சு ஊத்துனோம். பத்து நாள்ல டிரம் ஏறிருச்சு, ஆசையா தீக்குச்சி கிழிச்சா பத்தவே இல்ல. ஏமாத்திட்டாய்ங்கன்னு போன்ல கத்திட்டேன், அப்புறம்தான் தெரியுது மொதல்ல வர்றதுல கார்பன் டை ஆக்சைடுதான் ஜாஸ்தியாம், மீத்தேன் பாதிக்கு மேல இருந்தாத்தான் ஒழுங்கா எரியும், அதனால மொத ரொப்பலைத் திறந்து விட்டுரணும். மறு ரொப்பல் நீலமா எரிஞ்சுச்சு பாருங்க, பாத்திரத்துல கரியே இல்ல. மதுரை வெயிலுக்கு, கழிவைக் கேஸா மாத்துற கிருமிங்க நல்லாவே வேலை பாக்குது. அடுப்பு மட்டும் தனியா வாங்கணும், சிலிண்டர் அடுப்போட ஜெட் ஓட்டை இதுக்குப் பத்தாது.

மூணாவது மாசம் வீட்டுல ஒரு விசேஷம், மிஞ்சுன புளிச்ச மாவு ஒரு குண்டா, எலுமிச்சைத் தோலு எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டோம். ரெண்டே நாள்ல புளிப்பு ஏறி கேஸ் நின்னுபோச்சு. ஒரு வாரம் ஒண்ணும் போடாம, சுண்ணாம்புத் தண்ணி கொஞ்சம், புதுச் சாணி ரெண்டு வாளி ஊத்துன பெறகுதான் உசுரு வந்துச்சு. "வயித்துக்குச் சேராததைப் போட்டுட்டு டேங்கை வையிறியே, பேசாம ஒரு மாட்டைக் கட்டிருக்கலாம்லடா"ன்னு அப்பத்தா இன்னும் சொல்லிக் காட்டுது. ஆனா டேங்க்ல இருந்து வழியுற கரைசலை மொத ஆளா மல்லிச் செடிக்கு ஊத்துறதும் அதுதான்.

பெரிய குறை பிட்டிங். கேஸோட ஈரமும் சேந்து வந்து பைப்புல தண்ணியா நிக்குது, அடுப்பு டப் டப்புன்னு அணைஞ்சு அணைஞ்சு எரியும். தண்ணி இறக்க பைப்போட தாழ்வான எடத்துல ஒரு வால்வு வைக்கணும், எங்களுக்கு வைக்கல, கூப்பிட்டா போன் எடுக்கல, கடைசில நம்ம தெரு பிளம்பர்தான் வச்சுக் குடுத்தாரு. வாங்குறவங்க அந்த வால்வைக் கண்ணால பாத்துட்டு மிச்சக் காசைக் குடுங்க.