நான் ஓட்டாத 89 கிலோமீட்டர்: சைக்கிள் மீட்டருடன் நாலு வருடம்

முன்சக்கரக் கம்பியில் ஒரு குட்டிக் காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார், அங்கிருந்து ஹேண்டில்பார் வரை ஒரு ஒயர், மேலே வேகமும் தூரமும் காட்டும், தீப்பெட்டி அளவில் மீட்டர். நாலு வருடமாக என் சைக்கிளில் இருப்பது இந்தச் சாதாரண மாடல்தான்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காந்தம் கடக்கும்போதெல்லாம் சென்சாருக்குள் இருக்கும் ரீட் சுவிட்ச் ஒரு தரம் மூடித் திறக்கும். அது ஒரு சுற்று. அதை நாம் கொடுத்த சக்கரச் சுற்றளவால் மீட்டர் பெருக்கிக்கொள்ளும். சுற்றளவு 2.12 மீட்டர், நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் 424 மீட்டர். அதை 60-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் மணிக்கு 25.4 கி.மீ. சுற்றளவைத் தப்பாகக் கொடுத்தாலும், ஒரு தசம இடம் வரை சுத்தமாகத் தப்பு வேகத்தைக் காட்டும். அந்தப் புள்ளியைப் பார்த்தே நாம் நம்பிவிடுகிறோம்.

நானும் நம்பினேன். முதலில் போட்டிருந்தது 700×35 டயர் (35 என்பது மி.மீ.யில் டயரின் அகலம்), அதற்கு டயர் அளவுவாரியாகச் சுற்றளவு சொல்லும் அட்டவணையில் இருந்த 2168 மி.மீ.யைக் கொடுத்திருந்தேன். பிறகு ஒல்லியான 700×28-க்கு மாறினேன். எண்ணை மாற்ற மறந்துவிட்டேன்! புது டயர் வேகமாக ஓடுகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டயர் மாற்றியபின் 4000 கி.மீ. காட்டிய நாளில்தான் சந்தேகம் வந்து அளந்து பார்த்தேன். உண்மையில் ஓடியது 3911. மீதி 89 கி.மீ. மீட்டர் தானாகவே ஓட்டியது.

அளப்பது சுலபம். வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. வழக்கமான காற்றழுத்தத்தில், சைக்கிளில் உட்கார்ந்தபடியே நேராக மூன்று சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. டேப்பில் 6.36 மீட்டர் வந்தது, மூன்றால் வகுத்தால் 2120 மி.மீ. உட்காருவது முக்கியம், நம் எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும். இந்த டயருக்கு அட்டவணை சொல்வது 2136.

700 என்பதை மி.மீ.யில் விட்டம் என்று எடுத்து π-ஆல் (3.14) பெருக்கினால் 2199 வரும், கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதல். அந்த 700 வெறும் பெயர்தான். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. அதோடு டயர் உயரம் இரு பக்கமும் 28 சேர்த்தால் 678, சுற்றளவு 2130. இது பரவாயில்லை.

காந்தத்தை ரிம் பக்கம் தள்ளி வைத்தால் வேகம் கூடுமா என்று ஒரு நண்பன் கேட்டான். கூடாது, எங்கே வைத்தாலும் சுற்றுக்கு ஒரு தரம்தான் கடக்கும். ஆனால் காந்தம் கம்பியில் நழுவி சென்சாரை விட்டு விலகினால் வேகம் திடீரென்று பூஜ்யமாகும். எனக்கு இரண்டு தடவை ஆனது. இப்போது கம்பியில் டேப் சுற்றி அதன்மேல் இறுக்கியிருக்கிறேன்.

மொபைல் ஜிபிஎஸ்ஸோடும் ஒப்பிட்டேன். நேர்ச்சாலையில் இரண்டும் ஒத்துப்போகின்றன. வளைவு நிறைந்த பாதையில் மொபைல் மூலைகளை வெட்டிக்கொண்டு தூரத்தைக் குறைக்கிறது. அங்கே மீட்டர் பக்கம்தான் நான்.

ஒரே எரிச்சல், என் மாடலில் பேட்டரியைக் கழற்றினால் மொத்த தூரமும் சுற்றளவும் அழிந்து, பழைய இயல்பு எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். சீட்டுக்கு அடியில் மார்க்கரால் 2120 என்று எழுதி வைத்திருக்கிறேன்.