கடலுக்கடியில் குலுங்கினால் புள்ளி எங்கே வைப்பது?

2001 செப்டம்பர் 25, இரவு எட்டரைக்குச் சற்று முன். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஸ்டாண்டில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டுகள் கடகடவென்று உரசிக்கொண்டன. பூனை என்று நினைத்து அம்மா "சூ" என்று விரட்டினார். அதற்குள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. புதுச்சேரிக்குக் கிழக்கே, கடலுக்கடியில், 5.5 அளவு நிலநடுக்கம் என்று அப்புறம் தெரிந்தது. யாரும் எட்டிப் பார்க்க முடியாத கடல் தரையில் 'இங்கேதான்' என்று எப்படிப் புள்ளி வைக்கிறார்கள்? வழிகள் சில உண்டு. நம் கரைக்கு எது சரிப்படும் என்று பார்ப்போம்.

பாடப்புத்தகம் சொல்வது மூன்று வட்ட முறை. புதுச்சேரியில் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸும் ஊர் ஊராக நின்று வரும் பஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்பினால், அரியாங்குப்பத்தில் இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். கடலூர் வருவதற்குள் நிறைய ஆகிவிடும். நிலநடுக்கத்திலும் அப்படித்தான். நிலநடுக்கம் கிளப்பும் அலைகளில் முதலில் வரும் பி அலை பாறையில் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும், பின்னால் வரும் எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. இரண்டும் வந்து சேரும் இடைவெளியை நொடிக் கணக்கில் எடுத்து 8-ஆல் பெருக்கினால், பக்கத்து நிலநடுக்கத்துக்குத் தூரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். பத்து நொடி என்றால் 80 கி.மீ. (இந்த இரண்டு அலைகளையும் பதிவுகளில் பிரித்துக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஓல்டாம். 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகள்தான் அவருக்கு உதவின.) அதிர்வைப் பதியும் மூன்று நிலையங்களைச் சுற்றி, அவரவர் கணக்கிட்ட தூரத்தில் மூன்று வட்டம் போட்டால், அவை வெட்டும் இடம் மையம்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ் அலையின் தொடக்கத்தை ஒரு நொடி தவறாகப் படித்தால், கடலூரில் வைக்க வேண்டிய புள்ளி 8 கி.மீ. தள்ளி, நெல்லிக்குப்பம் ரோட்டில் பாதி தூரத்துக்கு மேல் போய்விடும். நமக்கு இன்னொரு வம்பும் இருக்கிறது. சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று கரையோரமாகவே மூன்று நிலையங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டங்கள் கடலில் ஓர் இடத்தில் கூடும். கண்ணாடியில் பார்த்ததுபோல விழுப்புரம் பக்கமும் கூடும்! எது நிஜம்? இன்னொரு நிலையம் உள்நாட்டில் தள்ளி இருந்தால்தான் தெரியும்.

ஒரே நிலையத்தை வைத்தும் சொல்லலாம். மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்று மூன்று அசைவுகளையும் பதியும் கருவியில், முதல் பி அலை நிலத்தை எந்தப் பக்கம் தள்ளியது என்று பார்த்தால் திசை கிடைக்கும். தூரத்துக்கு அந்த பி-எஸ் இடைவெளி இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய இன்சைட் கலத்துக்கு வேறு துணை இல்லாததால், அதன் தரவை வைத்து இப்படித்தான் கணக்கிட்டார்கள். ஆனால் திசை பத்து டிகிரி பிசகினால், 100 கி.மீ. தூரத்தில் 17 கி.மீ. தள்ளிப்போகும். அவசரத்துக்குச் சரி, முடிவாக எழுத உதவாது.

மக்கள் உணர்ந்ததைக் கேட்டுச் சேர்த்து மையத்தை ஊகிப்பது பழைய வழி. 1900 பிப்ரவரி கோயம்புத்தூர் நிலநடுக்கம் போன்றவற்றுக்கு அந்தத் தடயங்கள்தான் பெரிய துணை. கடலில் நடந்தால் பாதி வரைபடம் காலி, மீனுக்கு யார் போன் போடுவது? அதனால் மையம் கரைப் பக்கம் இழுபடும்.

என் ஓட்டு கணினிக் கணக்குக்குத்தான். 1910-களிலேயே, கணினி வரும் முன்பே, கைகர் என்ற ஜெர்மானியர் சொன்ன வழி அது. முதலில் குத்துமதிப்பாக ஓர் இடம், ஆழம், நேரம் வைத்துக்கொள்வது. அங்கிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் அலை எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது. நிஜத்தில் வந்த நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும் பக்கமாகப் புள்ளியை நகர்த்துவது, திரும்பக் கணக்குப் போடுவது. எஸ் அலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலையங்கள் நிறைய இருந்தால் பி அலையே போதும். ஒரு நிலையத்தின் கடிகாரம் தவறினாலும் அது மட்டும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். ஆனாலும் எல்லா நிலையங்களும் மேற்கிலேயே இருந்தால் இதுவும் தடுமாறும். கிழக்கே அந்தமானில், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஒரு கருவி இருப்பதன் மதிப்பு அப்போதுதான் புரியும்.

உடைப்பு எவ்வளவு தூரம் ஓடியது என்பதை மட்டும் இந்த முறைகளில் எதுவும் சொல்லாது. புள்ளி என்பது பாறை உடையத் தொடங்கிய இடம், அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்கு வைத்த புள்ளி சுமத்ரா பக்கம், கடலூரிலிருந்து சுமார் 2000 கி.மீ. தள்ளி. உடைப்போ அங்கிருந்து வடக்கே 1200 கி.மீ.க்கு மேல் ஓடியது. கடலூர்க் கரையில் உள்ள தேவனாம்பட்டினத்தை நோக்கி நேராகக் கிளம்பிய சுனாமி அலைக்கு அந்தப் புள்ளியைவிட, இன்னும் பக்கத்தில், நிக்கோபார் ஓரமாகக் கிழிந்த பகுதிதான் முக்கியக் காரணம்.