இன்ஜின் கோளாறுள்ள பழைய காரா, கூடுதல் விலைக்கு நல்ல காரா?

ஒரே மாடலில் இரண்டு பழைய கார்கள், வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் இன்ஜின் கோளாறு, அதனால் விலை பாதி. மற்றதில் இன்ஜின் நன்றாக ஓடுகிறது, விற்பவர் பெரிதாக விலை இறங்க மாட்டேன் என்கிறார். கையில் இருக்கும் பணம் முதல் காரின் பக்கம் இழுக்கும். நான் சொல்வது இதுதான்: கோளாறு இன்னதென்று சோதித்துத் தெரிந்துகொண்டால் முதல் காரை யோசிக்கலாம். தெரியாத வரை, முழு இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவையும் அதன் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

ஏனென்றால் 'இன்ஜின் கோளாறு' என்ற ஒரே பேச்சுக்குள் சின்னச் செலவும் இருக்கும், காரின் விலையையே தாண்டும் செலவும் இருக்கும். இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறதென்றால், அதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் இன்ஜின் குலுங்கினால், பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ காரணமாக இருக்கலாம். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணை ('கோடு') காட்டும் ஓபிடி ஸ்கேனரில் பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டதும் கோடும் பி0303 ஆக மாறினால், குற்றவாளி காயில்தான். இப்படிப்பட்ட காரை விலை குறைத்து வாங்குவது லாபம்.

கோடு மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 10 முதல் 14 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும். ஆனால் அளவைவிட, சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம் 10-15 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்கிற வேலைக்கும், இன்ஜினை முழுதாக இறக்கிப் பிரிக்கிற வேலைக்கும் செலவு வித்தியாசம் மிகப் பெரியது.

புகையும் நிறைய சொல்லும். இரவெல்லாம் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் தேய்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாசனை, குறைந்துகொண்டே போகும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அதிகம் சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கவும் கூடும். ஆனால் நான் அறவே வேண்டாம் என்பது, லோடு ஏறும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வரும் சத்தத்தைத்தான். அது பெரும்பாலும், பிஸ்டனை அடியிலுள்ள சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்த சத்தம். இன்ஜினை இறக்காமல் தீராது.

சரி, இரண்டாவது காரை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. அதற்கும் இதே சோதனைகள் உண்டு. பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பே சூடேற்றி வைத்தால் பல சத்தங்களும் புகையும் மறைந்துவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. ஸ்கேனரில் ரெடினஸ் மானிட்டர்கள் (கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முழுமையாகாமல் இருந்தால், அண்மையில்தான் கோடுகளை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் கடைசியாக மாற்றிய பில்லைக் கேளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகளைப் பிஸ்டன் இடித்துவிடும். நல்ல இன்ஜின் ஒரே நொடியில் கெட்ட இன்ஜின் ஆகிவிடும்.

முதல் காரைத்தான் வாங்குவதென்றால் அப்புறம் இன்னொரு தேர்வு வரும்: இருக்கும் இன்ஜினைப் பிரித்துச் செய்வதா, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டுவதா? மாட்டுவது சீக்கிரம் முடியும், செலவும் பல சமயம் குறைவு. ஆனால் அதன் உள்நிலை தெரியாது. இன்ஜின் எண் மாறுவதால் பதிவு ஆவணத்தையும் திருத்த வேண்டியிருக்கலாம். நல்ல மெக்கானிக் கிடைத்தால் பிரித்துச் செய்வதே என் விருப்பம், உள்ளே என்ன மாற்றினார்கள் என்றாவது தெரியும். பிரித்த பிறகு செலவு கூடுவது சாதாரணம். அதற்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க முடியாதென்றால் இதில் இறங்க வேண்டாம்.

இன்ஜினைச் சரிசெய்தாலும் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், துரு எல்லாம் பழையதாகவே இருக்கும். போட்ட பணம் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. அதனால் முதல் கார் பொருந்துவது பாடி உறுதியாக இருந்து, பல ஆண்டுகள் வைத்து ஓட்ட நினைப்பவருக்கும், வேலை முடியும் வரை வேறு வண்டி உள்ளவருக்கும்தான். நாளை காலையே வேலைக்குப் போகக் கார் தேவையென்றால் இரண்டாவதையே பாருங்கள். எந்தக் காரானாலும், உங்கள் மெக்கானிக் கம்ப்ரெஷன் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.