மாங்கட்டையில் கறுப்புக் கோடு: காட்பாடியில் மூன்று மழைக்காலம்

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதே, அந்த மழையில் எங்கள் தோட்டத்து மாமரம் சாய்ந்தது. சின்ன லேத் ஒன்று வைத்துக் கிண்ணம், பம்பரம் என்று கடைகிற எனக்கு, ஸ்பால்டிங் ஆசை அந்தக் கட்டையைப் பார்த்ததும்தான் வந்தது. பச்சை மரத்தைப் பாதி மக்க விட்டு, முழுசாக மக்குவதற்குள் பிடுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பூஞ்சணம் உள்ளே இறங்கிச் சில இடங்களை வெளுக்க வைக்கும். ஒரு பூஞ்சணம் இன்னொன்றோடு முட்டிக்கொள்கிற இடத்தில், பங்காளிகள் வேலி போட்ட மாதிரி, மெல்லிசாகக் கறுப்புக் கோடு விழும். இத்தனை பாடும் அந்தக் கோட்டுக்காகத்தான்.

முதல் தடவை, மேப்பிள் மரத்தில் இதைச் செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித் தருகிறபடியே கட்டையை மண்மேல் நிறுத்தி, சருகு போட்டு மூடிவிட்டு மறந்துவிட்டேன். மே மாதம் பார்த்தால் அடியில் கரையான், மேலே வெடிப்பு. அப்புறம்தான் புரிந்தது: பூஞ்சணத்துக்கு 20 முதல் 30 டிகிரி வரைதான் சுகம், கட்டையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் வேலை நின்றுவிடும். நம் ஊர்க் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டுகிறது, அதில் எங்கே பூஞ்சணம் பிழைக்கும்?

அதனால் 2022-ல் ஐப்பசி மழையோடு ஆரம்பித்தேன். பழைய பிளாஸ்டிக் டிரம்மில் செங்கல் அடுக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவைப் போட்டு, ஒன்றரை அடி மாங்கட்டைகளை நிறுத்தி, நனைத்த சாக்கால் மூடினேன். பழைய அடிமரத்தில் படிப்படியாக முளைத்திருந்த காளானையும் பிய்த்துப் போட்டேன். பீர் ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும் என்றார்கள், ஊற்றினேன், வீட்டில் திட்டு வாங்கியதைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு டிரம்மில் மழைத்தண்ணீர் தேங்கி, முழுகின கட்டை கோடே இல்லாமல் நாற்றத்தோடு வந்தது. பூஞ்சணத்துக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

பத்தாவது வாரம் எடுத்த கட்டையை அறுத்துப் பார்த்தபோது கை நடுங்கியது, அப்படி ஒரு கோலம். இன்னும் கொஞ்சம் வரட்டுமே என்று பேராசையில் மாசி வரை விட்ட இரண்டு கட்டையில் நகமே இறங்கியது. அறுத்துக் கொடுத்த சாமில் அண்ணன், "இன்னா சார், வெந்நீர் அடுப்புக்குப் போக வேண்டியதுக்குக் கூலி குடுக்கறீங்களே" என்றார். அந்த இரண்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். இப்போது ஆறாவது வாரத்திலிருந்தே ஓரத்தில் ஒரு துண்டு அறுத்துப் பார்க்கிறேன்.

2023-ல் வேம்பும் பாலையும் வைத்தேன். வேம்பின் வைரப்பகுதியில் ஒன்றும் ஏறவில்லை. பாலை, அதாவது சன்னபட்ணா பொம்மைக்குக் கடைகிற அந்த வெள்ளை மரம், மாமரத்தை விட நேர்த்தியான கோடு கொடுத்தது.

கடைவதுதான் பெரிய தலைவலி. பக்கத்துப் பக்கத்தில் கெட்டியும் பொசுபொசுப்பும் இருப்பதால் உளி பிய்த்துவிடும், உப்புத்தாள் மெத்தென்ற இடத்தை மட்டும் குழியாக்கிவிடும். முதலில் கனமாகக் கடைந்து, செய்தித்தாளில் சுற்றி மூன்று நான்கு மாதம் காயவைக்கிறேன். பிறகு மெத்தென்ற இடங்களில் ஃபெவிக்விக் ஊறவிட்டு, புதிதாகச் சாணை பிடித்த உளியால் மெல்லிசாகச் சீவுகிறேன். பசையை அப்படியே விட்டால் வெளுத்த இடத்தில் கறை தெரியும், பசை விடுவதற்கு முன்னால் ஒரு கை ஷெல்லாக், அதாவது அரக்கு வார்னிஷ், அடிப்பது நல்லது. மாஸ்க் இல்லாமல் லேத்தைப் போடாதீர்கள், நான் ஒரு நாள் போட்டுவிட்டு ஒரு வாரம் இருமினேன்.

டிரம்மில் இப்போது வாகைக் கிளை இருக்கிறது, பொங்கலுக்கு முந்தின வாரம் திறக்கிறேன்.